தனிக் குறடு

1974 ஆவணியில், சம்பா நடவு சூடுபிடித்திருந்த வாரத்தில், மதலேனாளின் வலது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. வில்லியனூருக்கு மேற்கே உள்ள அந்தக் கிறிஸ்தவ ஊரில் கோயிலைச் சுற்றி ஊர்த்தெரு. வாய்க்காலுக்கு அப்பால் காலனி. மதலேனாள் காலனிக்காரி. முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள், பதினோரு வயதில் சேற்றில் இறங்கியவள்.

"இன்னாடி, கன்னத்துல பரங்கிக்கா காய்ச்சிருக்கு?" என்றாள் பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த அந்தோணி மேரி.

"சிரிப்பு காட்டாதடி, உயிரு போவுது" என்றாள் மதலேனாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் உண்டு, வைத்தியமும் இலவசம். ஆனால் சீட்டு எட்டு மணி வரைதான் கொடுப்பார்கள். காலனிப் பக்கம் முதல் பஸ் வருவதே எட்டு மணிக்கு. இலவசம் என்று பலகை எழுதியவன், அதைப் படிக்க வருகிறவள் எங்கிருந்து வருவாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பானா? முதல் தடவை போனபோது சீட்டு முடிந்துவிட்டது. மறு தடவை இருட்டிலேயே கிளம்பி நடந்தே போனாள். அன்று டாக்டர் லீவு. இரண்டு நாள் கூலி போயிற்று. இன்னொரு நாள் நின்றால் அவளுடைய வரிசையில் வேறு ஆள் இறங்கும் என்று கங்காணி சொல்லிவிட்டான்.

கடைசியில் கணவன் பிலவேந்திரனோடு கம்பவுண்டர் இக்னேஷியஸ் வீட்டுக்குப் போனாள். டவுனில் ஒரு பல் டாக்டரிடம் எடுபிடியாக இருந்த அவர், இப்போது ஊர்த்தெருவில் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டுப் பல் பிடுங்குகிறார். அந்த நாற்காலி ஊர்த்தெருவுக்கு. காலனிக்காரர்கள் கொல்லைப்புறமாக வர வேண்டும்.

"ஐயா, புடுங்கி வுடுங்கய்யா. மூணு நாளா கஞ்சிகூட எறங்கல."

"டவுனுக்குப் போவறதுதானே?"

"ரெண்டு வாட்டி போனேங்கய்யா. இன்னொரு வாட்டி போனா நடவு இல்லன்னுட்டான் கங்காணி."

கம்பவுண்டர் பெருமூச்சு விட்டார். தன்னை இரக்கமுள்ளவர் என்றே அவர் நம்பினார். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருந்த தகர டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரு குறட்டை உருவினார். கூடத்துக் குறட்டை ஒவ்வொரு வாய்க்கும் கொதிநீரில் போட்டு எடுப்பார். இது காலனிக்கான தனிக் குறடு. இதன் பற்களில் துரு ஏறியிருந்தது. அடுப்பங்கரைப் பாத்திரத்தில் இதைப் போட்டால் பாத்திரம் தீட்டாகிவிடுமாம்!

பல் பிடுங்குகிறவன் ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். இருபது வருஷம் பார்த்த வேலை. ஆனால் தாடையைத் தாங்கினால் விரலில் எச்சில் படும்.

"டேய், நீ அவ தலயப் புடிச்சுக்கடா" என்று பிலவேந்திரனிடம் சொல்லிவிட்டு, எட்ட நின்று ஒற்றைக் கையால் இழுத்தார். பல்லின் தலை மட்டும் முறிந்து வந்தது. வேர் உள்ளேயே நின்றது.

"மீதி தானா வந்துடும். உப்புத்தண்ணி கொப்புளி. ஏய், இங்க துப்பாத! வாய்க்காப் பக்கம் போ."

வாய் நிறைய ரத்தத்தை அடக்கிக்கொண்டு மதலேனாள் வாய்க்கால் வரை நடந்தாள்.

ஆறாம் நாள் தாடை பூட்டிக்கொண்டது. வீக்கம் கழுத்துக்கு இறங்கி, காய்ச்சல் கொதித்தது. பிலவேந்திரன் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு டவுனுக்கு மிதித்தான். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர், எந்தத் தெரு என்று கேட்காமல் அவள் வாய்க்குள் விரலை நுழைத்தார். தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்.

"நாளைக்கு வந்திருந்தா மூச்சு நின்னிருக்கும். கருவிய கழுவக்கூட இல்லையா? யாருமா புடுங்கினது?"

மூன்று வாரம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது அவளுடைய வரிசையை வேறொருத்தி நட்டு முடித்திருந்தாள். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். "கம்பவுண்டரு வேணும்னா பண்ணாரு? மன்னிச்சுடும்மா. ஊருக்குள்ள சண்டை வேணாம்."

அவர் விட்டுப்போன சமாதானத்தை நான்கு நாள் மென்று பார்த்தாள். விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நேரம் வந்தது. ஊர்த்தெரு முதலில் போய்ப் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் மண்டியிடும், காலனி கடைசியில். சாமியார் அப்பத்தைத் தம் விரலால் ஒவ்வொரு நாக்கிலும் வைப்பார். இந்த வரிசை எந்த வேதத்திலும் எழுதப்பட்டதல்ல. காலனி நாக்கைத் தொட்ட விரல் ஊர்த்தெரு நாக்கைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்!

மணி அடித்ததும் மதலேனாள் எழுந்தாள். நேராகப் போய்க் கிராதியின் முதல் இடத்தில், கம்பவுண்டருக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ஏய், இன்னாடி இது? உங்க மொற பின்னாலடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சீறினாள்.

அவள் திரும்பவில்லை. சாமியார் தயங்கினார். இத்தனை பேர் பார்க்க, 'பின்னால் போ' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவள் வாய் விரலளவுதான் திறந்தது. அப்பத்தை உள்ளே தள்ள அவருடைய இரண்டு விரல்களும் அவள் உதட்டிலும் பல்லிலும் உரசின. ஈர விரல்களோடு அவர், அடுத்து மண்டியிட்டிருந்த கம்பவுண்டரிடம் நகர்ந்தார்.

கம்பவுண்டர் அந்த விரல்களைப் பார்த்தார்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார். கம்பவுண்டர் வாயைத் திறக்கவில்லை. சாமியார் மறுபடியும் சொன்னார். கம்பவுண்டர் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் எழுந்து போனார்கள்.

காலியான இடத்தில், காலனி வரிசையிலிருந்து அந்தோணி மேரி வந்து மண்டியிட்டாள். வாயை நன்றாகத் திறந்தாள்.