பெடலில் நான் வைத்த பொட்டு

எழுபதுகள் முழுவதும் மலேசியாவின் கூலிம் நகரில் ஓர் இசைக்குழுவில் மின் ஆர்கன் வாசித்தேன். வார நாள்களில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகள். குழுவின் தலைவர் எங்கள் பாடகர். டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மைக், ஸ்பீக்கர், வேன் எல்லாம் அவருடையவை, ஆகவே குழுவும் அவருடையது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆர்கனுக்குப் பின்னால் இருந்த நாற்காலி மட்டும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். வேறெங்கும் கிடைக்காத மரியாதை அதில் உட்கார்ந்தால் எனக்குக் கிடைத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாடகர் ஒரு சிந்தசைசர் வாங்கினார். அவருடைய மருமகன் அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து வந்து மாமனார் வீட்டோடு தங்கியிருந்தார். அங்கே ஏதோ ஹோட்டலில் வாசித்த பழக்கம் அவருக்கு உண்டு. ஒரு நாள் கடைக்குப் பின்னால் ஒத்திகைக்குப் போனபோது அவர் என் நாற்காலியில் இருந்தார். என் ஆர்கனைச் சுவரோரம் தள்ளிக் கோணிச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். நான் ஏதோ கேட்டேன். பாடகர் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வாத்தியாரே, உங்க பொட்டி மாதா கோயிலுக்கு நல்லா இருக்கும்லா. கல்யாணத்துல வாசிச்சா சாவு வீடு மாதிரி கேக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கிறிஸ்தவ வேதக்காரன் என்பதைக் கேலி செய்ததைக்கூட விட்டுவிட்டேன். அவரோடு சேர்ந்து என்னையும் சிரிக்க வைத்தாரே, அதைத்தான் விட முடியவில்லை.

அன்றே குழுவை விட்டு விலகியிருக்கலாம். விலகவில்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் போய் ஓரமாக உட்கார்ந்து, மருமகன் தவறிய இடங்களில் தலையாட்டிப் பாராட்டினேன். கோபத்தைக் காட்டிவிட்டால் அது செலவாகிவிடும் என்று தோன்றியது. வீட்டில் மனைவியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பாடகருக்கு அப்போது ஒரு யோசனை. தோட்டத்துக் கல்யாணங்களுக்கு மேளக்காரர்களைப் பினாங்கிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது. சிந்தசைசரிலேயே நாதஸ்வரமும் கெட்டி மேளமும் வந்துவிட்டால் மேளக்காரர்களே வேண்டாம், முழுக் கல்யாணமும் நம் கையில் என்றார். ஆனால் அந்தப் பெட்டியின் நாதஸ்வரம் கொசு ரீங்கரிப்பதுபோல் ஒல்லியாக இருந்தது. "எக்கோ பத்தல" என்றார். மைக்கில் வரும் எதிரொலி முதல் எல்லா மாற்றமும் அவருக்கு எக்கோதான். காலால் அமுக்கும் பெடல் ஒன்று வாங்கிச் சேர்த்தால் ஒலி கனக்கும் என்று மருமகன் சொல்ல, இங்கிலீஷில் விவரம் படித்துத் தேர்ந்தெடுக்க ஆள் நான்தான் என்று பாடகர் முடிவு செய்தார். என்னிடம் கேட்கும்போது அவருக்குத் துளிக் கூச்சமும் இல்லை.

பட்டர்வொர்த் போய் ஃபெரியில் கடலைக் கடந்து பினாங்கில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். சீனர் ஒருவர் இரண்டு பெடல்களை எடுத்து வைத்து, சிந்தசைசர் ஒன்றோடும் இணைத்துக் கொடுத்தார். இரண்டும் கித்தாருக்காகச் செய்யப்பட்டவை. ஒன்று ஃபேசர். அதற்கு ஒரே குமிழ்தான். ஒலியை மெல்லச் சுழற்றி அகலமாக்கியது. கொசு மறைந்து, காற்றும் மூச்சும் உள்ள குழல் வந்தது. நான் தேடிப் போனது அதுதான் என்று அந்தக் கணமே தெரிந்தது.

மற்றது டிலே, அசல் எக்கோ. வாசித்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும். எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். கித்தாரைவிட சிந்தசைசரின் ஒலி பலமானது என்பதால், அந்தக் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பி ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தபோது ஒலி தன்னையே தின்று பெருத்தது. கட்டையிலிருந்து கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. ஊளையாக ஏறிக்கொண்டே போனது. சீனர் ஓடி வந்து குமிழைக் குறைத்து, அந்தப் பக்கம் போகவே கூடாது என்று எச்சரித்தார்.

சாவு வீடு என்றாரே பாடகர், இதோ சாவு வீடு.

ஊளை எந்த இடத்தில் பிறக்கிறது என்று இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு டிலேயை வாங்கினேன்.

அதை மருமகனிடம் கொடுக்கும்போது கடைக்குப் பின்னால் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். தாள் திருத்தும் என் சிவப்பு மையால் குமிழின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

"தம்பி, கெட்டி மேளம்னு குரல் வந்ததும் இந்தப் புள்ளி வரைக்கும் திருப்பிட்டு நல்லா அழுத்திப் பிடிங்க. அதுக்கு முன்னாடி வேணாம். அந்த நேரத்துல புதுசா கேக்கணும்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "வேதக்காரரா இருந்துக்கிட்டு புது சாமானுக்குப் பொட்டு வெச்சுக் குடுக்கிறீங்களே சார்."

கல்யாணம் கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில். பெண் என்னிடம் படித்தவள். மேடைக்கு எதிரே முன்வரிசையில் உட்கார்ந்தேன். குமிழ் கீழே இருந்தவரை நாதஸ்வரம் சுமாராக ஒலித்தது. பாடகர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஐயர் கையை ஆட்டி "கெட்டி மேளம்" என்றார். மருமகன் குனிந்து குமிழைத் திருப்பினார்.

முதலில் கம்பீரமாகத்தான் எழுந்தது. பிறகு ஊளை பிறந்தது. அபசகுனமாக ஒரு தும்மலோ ஒரு சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக எழுப்பும் முழக்கமே ஒப்பாரியாகிவிட்டது. மருமகன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பெட்டி தானாக அலறுகிறது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். சத்தமே இல்லாத மண்டபத்தில் மாப்பிள்ளை முடிச்சுப் போட, பெண்ணின் தாய் விம்முவது கடைசி வரிசை வரை கேட்டது.

அந்த அம்மாவின் விம்மலைக் கேட்டுக்கொண்டே நான் பாடகரின் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது. எனக்கு இனித்தது. இல்லை என்று இப்போது எழுதினால் பொய்யாகும்.

வேனுக்குப் பக்கத்தில் பாடகர் மருமகனைக் குழுவினர் எல்லார் முன்னாலும் ஏசினார். மருமகன் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொன்ன இடத்துலதானே வெச்சேன்?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். "மறந்துட்டேன் தம்பி" என்றிருந்தாலும் போதும்.

"நான் சிவப்பு வெச்சதே அதைத் தாண்டக் கூடாதுன்னுதான் தம்பி. அதுக்கு முன்னாடியே நிறுத்தணும்னு சொன்னேனே."

வாத்தியார் வைத்த சிவப்பு என்றால் தவறு என்றுதான் அர்த்தம், எல்லாரும் தலையாட்டினார்கள். மருமகன் குழம்பிப்போய் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். "நான்தான் சரியா கேக்கல போல" என்றார்.

நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது. பாடகர் கூப்பிட்டு, சிந்தசைசரையே கொடுத்தார். ஃபேசர் வாங்கி மாட்டினேன், அற்புதமாக ஒலித்தது. ஆனால் தாலி ஏறும்போது ஊளையிட்ட செட் என்று கரங்கானிலிருந்து பண்டார் பாரு வரை பெயர் பரவிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் எங்களை அழைக்கவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் கட்சி விருந்துக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனபோது அவள் மாமியார் அந்த ஊளையைத்தான் காரணம் சொன்னாளாம். என் மனைவி அதைச் சொல்லிக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.

மருமகன் அதற்குப் பிறகு எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. மாமனார் கடையிலேயே நின்றுவிட்டார். பாடகர் இறந்த பிறகு கடையும் அவருக்கு வந்தது. ஒரு மதியம் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனேன். பினாங்குக் கடையில் ஊளையைக் கேட்டது முதல் வேனருகே பொய் சொன்னது வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

"இல்ல சார். நீங்க தெளிவாத்தான் சொன்னீங்க. எனக்கு இப்பவும் நல்லா ஞாபகம் இருக்கு, தாண்டாதீங்கன்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். குரலை உயர்த்தியும் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"அவசரக்குடுக்கை சார் நான். என் பிள்ளைங்களுக்குக்கூட அதைத்தான் சொல்லுவேன், பெரியவங்க சொல்றத ஒழுங்கா கேளுங்கடான்னு. என் மேல பழி நிக்கக் கூடாதுன்னு இந்த வயசுல நீங்க இவ்ளோ தூரம் வந்து பேசுறீங்க பாருங்க, அதுவே பெருசு."

உள்ளே குரல் கொடுத்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். வந்தது. அவர் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். நான் குடித்து முடிக்கும்வரை உட்காரவில்லை.