முதல் வெள்ளம் கடலுக்கு

2022 ஓகஸ்ட் 9: அளவெடுப்பு. வாய்க்கால் நீளம் 412 மீற்றர்.
2023 பெப்ரவரி 21: ஒதுக்கீடு 68 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.
2023 ஓகஸ்ட் 30: வேலை பூர்த்தி.
2023 ஒக்டோபர் 19: முதல் மழை. 61 மில்லிமீற்றர்.
2023 நவம்பர் 3: கெட்டுப்போன கிணறுகள் 9.
2024 செப்டெம்பர் 30 வரை: அனுப்பிய கடிதங்கள் 14. வந்த பதில்கள் 3.

பிரதேச சபைக்குப் போன பதினான்கு கடிதங்களையும் இராசமலர் தன் கையாலேயே எழுதினாள். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான்: “எங்கள் பலகையைத் திரும்ப வைக்க இடம் வெட்டித் தாருங்கள்.” வந்த மூன்று பதில்களிலும் வரி ஒன்றுதான்: “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.”

இராசமலர் 1966இல் புத்தூரில் பிறந்தவள். பதினொரு பரப்புச் செம்மண் காணியில் வெங்காயம் வைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். 1995இல் போருக்குப் பயந்து ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்கு ஓடி, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே கிணற்றை எட்டிப் பார்த்தவள். கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். வாய் கொஞ்சம் காரம். கணவர் தம்பிராசா இளைப்பாறிய பஸ் நடத்துநர். ஆயுள் முழுக்கச் சனத்தின் ஏச்சை வாங்கியதாலோ என்னவோ, ஆரோடும் சண்டைக்குப் போகாத மனிதர்.

அவளுடைய காணி எல்லையை ஒட்டிப் போவதுதான் நாவலடி வாய்க்கால். சந்தியிலே விழுகிற மழைத்தண்ணீரைக் கிழக்கே கடல்நீரேரி வரை கொண்டுபோவது. நடுவழியில், சரியாக அவளுடைய வேலியடியில், சுண்ணக்கல்லுக்குள் இயற்கையாகவே ஒரு ஓட்டை உண்டு. அதைக் கிடங்குவாய் என்பார்கள். அதற்குள் இறங்குகிற தண்ணீர்தான் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று.

கிடங்குவாய்க்கு முன்னால் காடி வெட்டிய இரண்டு கல். அந்தக் காடிக்குள் இறக்க ஒரு பனம்பலகை, நீளம் நாலு அடி இரண்டு அங்குலம். முதல் வெள்ளம் கடலுக்கு, இரண்டாம் வெள்ளம் கிணற்றுக்கு என்பது அந்தக் குறிச்சியின் சட்டம். ஒன்பது மாதம் தெருவில் கிடந்த சாணமும் குப்பையும் முதல் மழையோடு வரும். அதை உள்ளே விடாமல் பலகை போட்டுக் கிழக்கே திருப்பவேண்டும். தண்ணீர் தெளிந்த பிறகு பலகையைத் தூக்கவேண்டும். வேலியடி அவளுடையது என்பதால் அது அவளுடைய வேலை. இடம்பெயர்ந்த அந்த ஒரு மாரியைத் தவிர, முப்பது வருசத்தில் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

மாரி முடிந்ததும் பலகையைக் கழுவி, கறையான் அரிக்காதபடி குசினி அடுப்புப் புகைக்கு மேலே கூரை வளையில் செருகி வைப்பாள். பிழை அங்கேதான் நடந்தது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிரவீணன், வாய்க்காலைக் கொங்கிறீற்றில் கட்ட அளவெடுக்க வந்தது ஓகஸ்ட் மாத வெயிலில். அவர் கண்டது ஒரு வறண்ட பள்ளமும் இரண்டு பழைய கல்லும். நல்ல பிள்ளை, களைத்து வந்திருக்கிறான் என்று இராசமலர் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். பலகை அவர் தலைக்கு நேரே மூன்றடி உயரத்தில் இருந்தது. அவள் அதைப்பற்றிச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றை ஆர் வாய்திறந்து சொல்வார்கள்? அந்தத் தேத்தண்ணியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே பற்றி எரியும்.

கல்லை உடைத்தபோது அவள் ஊரில் இல்லை. கிளிநொச்சியில் மகளின் பேறுகாலம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிவந்து வேலியடியில் நின்றாள். வாய்க்கால் பளபளவென்று கொங்கிறீற்றாக இருந்தது. கல் இரண்டும் இல்லை. கிடங்குவாய் மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

“இஞ்சாருங்கோ, கல்லை உடைக்கேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“இஞ்சைதான் நிண்டனான். அரசாங்க வேலை, தெரியாமலோ செய்வாங்கள் எண்டு நினைச்சன்.”

“உங்களுக்கு ரிக்கற் கிழிக்க மட்டுந்தான் கை தந்திருக்கு.”

ஒக்டோபர் 19 மழை பெய்தது. சந்தியிலே டினேஸ் என்பவர் வாகனம் கழுவுகிற சேவிஸ் ஸ்ரேசன் திறந்து நாலு வருசம். வாய்க்கால் கொங்கிறீற்றானதும், கழிவை விட ஒரு ஒன்பது அங்குலக் குழாயைப் புதிதாக அதற்குள் நீட்டியிருந்தார். பழைய ஒயில், கிறீஸ், சவர்க்காரம் எல்லாம் வெள்ளத்தோடு வந்து கிடங்குவாய்க்குள் மடமடவென்று இறங்கின. பதினைந்தாம் நாள் அவளுடைய கிணற்றில் வாளியை விட்டால் மேலே வானவில் மிதந்தது. வெங்காய நாற்று மஞ்சளாகிச் சரிந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஒன்பது கிணற்றுக் கட்டிலும் “பருக வேண்டாம்” என்று தாள் ஒட்டினார். ஒட்டியதோடு அவருடைய கடமை முடிந்தது.

பிரவீணனிடம் போனாள்.

“அம்மா, பிளானிலை பலகை இல்லை.”

“பிளானிலை கிணறும் இல்லை தம்பி. அதுக்காகக் கிணறு இல்லாமல் போச்சே?”

டினேசிடம் போனாள். அவர் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அன்ரி, மழையை நானே பெய்யப் பண்ணினனான்?”

“மழையைக் கடவுள் பெய்யப் பண்ணினார். ஒயிலை ஆர் பெய்யப் பண்ணினது?”

அதன்பிறகுதான் கடிதங்கள். ஒரு வருசம் முழுக்க பவுசர் வண்டியில் வந்த தண்ணீரை வாளியில் பிடித்துக் குடித்தார்கள். கிணறு பத்து அடி தூரத்தில் கிடக்க, தண்ணீருக்கு வரிசையில் நிற்பதைப்போல ஒரு கேவலம் உண்டா?

அடுத்த ஐப்பசி நெருங்கியது. முதல் வெள்ளம் மறுபடியும் உள்ளே இறங்கினால் இனி அந்தக் கிணறுகளைத் தூர்க்கவேண்டியதுதான் என்று இராசமலர் முடிவுக்கு வந்தாள். ஒக்டோபர் 7ஆம் திகதி காலை ஒன்பது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு உளியும் சுத்தியலும் அலவாங்குமாக வாய்க்காலுக்குள் இறங்கினாள். கிடங்குவாயின் இரண்டு பக்கத்துச் சுவரிலும் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டினார்கள். தம்பிராசா சுத்தியலை வாங்கி, மத்தியானம் வரை அடித்தார். நாற்பது வருசத்து ஏச்சு முழுக்க அந்த அடியில் இருந்தது.

மழை 12ஆம் திகதி வந்தது. பலகை நின்றது. கறுத்த வெள்ளம் கிடங்குவாயைத் தாண்டிக் கிழக்கே போனது. அன்றைக்கு அந்தக் குறிச்சியில் ஒன்பது வீட்டிலும் சிரிப்பு.

மூன்றாம் நாள் படலையைத் தட்டியது சிமியோன், கடல்நீரேரியில் இறால் பிடிக்கிறவன். கொண்டுவந்த பையை முற்றத்தில் கொட்டினான். செத்த இறால், ஒயில் பூசினாற்போல.

“அக்கா, உங்கடை கிணறு தப்ப எங்கடை இறால் சாகவேணுமோ?”

“நான் எப்பவும் செய்யிறதைத்தான் செய்தனான்.”

“எப்பவும் சாணம் வந்தது. சாணத்துக்கு மீன் கொழுக்கும். இது என்ன, உங்களுக்குக் காவல் பலகையோ? எங்களுக்குப் பாடைப் பலகை!”

இராசமலர் ஒரு இறாலை எடுத்து மணந்து பார்த்தாள். ஒரு வருசமாகத் தன் கிணற்றில் மணந்த அதே மணம். ஒரு வருசம் கடிதம் எழுதியவள், தான் செய்ததும் அதைத்தானே என்று அப்போது உணர்ந்தாள். தன் வேலிக்கு வெளியே தள்ளினால் போதும் என்றுதானே டினேசும் நினைத்தார்! அவருடைய குழாய் இருக்கும்வரை எல்லா வெள்ளமும் முதல் வெள்ளந்தான். எந்த வெள்ளத்துக்கும் பலகையைத் தூக்க முடியாது.

“சிமியோன், உந்த இறாலை அள்ளாதை. கிடக்கட்டும். நாளைக்கு உன்ரை ஆக்கள் எத்தினை பேர் வருவாங்கள்?”

“ஏன்?”

“பலகையை இடம் மாத்தவேணும்.”

அடுத்த நாள், 16ஆம் திகதி, பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க, கமக்காரரும் கடற்காரருமாகப் பதினேழு பேர் சந்திக்குப் போனார்கள். குழாய் வாயில் பலகையை நிறுத்தி, களிமண் அப்பி, மண் மூட்டை அடுக்கினார்கள். மத்தியானம் மழை. டினேசின் முற்றத்தில் அவருடைய தண்ணீர் அவருக்கே திரும்பி நின்றது. நடுவில் கழுவி முடித்த வெள்ளைக் கலியாணக் கார், சில்லு பாதி ஒயிலில்.

“அன்ரி, உங்களுக்கு விசரே?”

“ஓம், விசர்தான். ஒரு வருசம் பவுசர் தண்ணி குடிச்சுப் பார், உனக்கும் வரும்.”

“நான் பொலிசுக்குப் போன் அடிப்பன்!”

“அடி மோனே. சபைக்கும் அடி. எங்களுக்குத்தான் அவை வரமாட்டினம். உனக்கு வருவினம்.”

வந்தார்கள். பதினான்கு கடிதத்துக்கு அசையாத சபை, ஒரு கலியாணக் காருக்கு இரண்டே நாளில் வந்தது. பிரவீணன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் இறங்கினார். கணுக்கால் கறுத்தது. குனிந்து பார்த்தார். அளவெடுக்க வந்த நாளில் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தார். சிமியோன் மேலே நின்று சொன்னான்: “தம்பி, சவர்க்காரம் போட்டாலும் போகாது. நாங்கள் தேய்ச்சுப் பார்த்தனாங்கள்.”

பலகையை எடுக்கச் சொன்னார்கள். ஒயிலைப் பிரிக்கும் தொட்டி கட்டிய பிறகு எடுப்போம் என்றாள் இராசமலர். பொலிஸ் வாக்குமூலம் எழுதியது. ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். இரண்டு இடத்தில் திகதி பிழை. திருத்துவித்தாள்.

நவம்பரில் நல்ல மழை. கிடங்குவாய்க்குள் செம்மண் நிறத் தண்ணீர் இறங்கியது. டிசம்பர் 9ஆம் திகதி மூன்று கிணறுகளில் மணம் இல்லை. ஆறில் இன்னும் இருந்தது. அவளுடையது அந்த ஆறில் ஒன்று.

பிறகு சபையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவே கடைசி. முதல் பக்கத்தில், தொட்டி கட்டிப் பரிசோதிக்கும்வரை நிலையம் கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற கட்டளையின் பிரதி. இரண்டாம் பக்கத்தில், வாய்க்கால் சுவரைச் சேதப்படுத்தியதற்கு இராசமலர் 18,750 ரூபாய் கட்டவேண்டும் என்ற அறிவித்தல். கெட்ட கிணறுகளைப்பற்றி இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. சேதக் காசில் பாதியைக் கடற்கரைக்காரர் தருவார்கள் என்று சிமியோன் சொல்லியனுப்பினான். இராசமலர் ஒயில் மணக்கும் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, கடித உறையின் மூலையில் வந்த திகதியை எழுதினாள்: 2024 டிசம்பர் 17.