அத்தையைப் பெண் பார்க்க வந்த நாள்

ராஜபாளையத்தில் அப்பா வீட்டில் எல்லாரும் தெலுங்கு பேசுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த அம்மா மட்டும் தமிழ். அவர்கள் தெலுங்கில் கேட்பார்கள். அம்மா தமிழில் பதில் சொல்லுவாள். அவளுக்குத் தெலுங்கு பேச வராது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அப்பா அடுக்களைக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவிய போற வரைக்கும் நீ வெளிய வர வேண்டாம். வாயத் திறந்தா வேத்து ஆளுன்னு தெரிஞ்சிரும். தங்கச்சி காரியம் கெட்டுறக் கூடாது பாரு."

அம்மா கேசரியை இறக்கி, முந்திரிகூடப் போட்டு மூடிவைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசல் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அப்பாவுக்குத் திட்டு. முன்சீட்டுக்காரர் இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மாவின் கல்யாணத்துக்கே வராத மாமா, அன்றைக்கு எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். "அந்தாளு லெச்சணம் இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவியளப் பத்தி நீ ஒண்ணும் பேசாத."

காலையிலிருந்து அவளும் அதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்! யாருக்குத் தலையாட்டுவதென்று தெரியாமல் நான் கலரைக் குடித்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலை மறித்து நின்ற மாமா நகரவில்லை. "என் தங்கச்சி இனி இங்கனதான் இருப்பா."

அம்மா மாமாவைத் தாண்டிப் போய், "லோப்பலிக்கி ரண்டி" என்று அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். அதோடு நிற்கவில்லை. நான் தமிழ் பேசுவதுதான் உங்களுக்கு வெட்கமா என்று தெலுங்கிலேயே பொரிந்து தள்ளினாள், அத்தையைவிட வேகமாக. நடுநடுவே அழுதாள். மாமாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்பா "தப்புதான், தப்புதான்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டுமுன் மூவரும் பஸ் ஏறிவிட்டோம்.

மறுநாள், சம்பந்தம் கூடிவந்த சந்தோஷத்தில் இருந்த அத்தை, காப்பி ஆயிற்றா என்று தெலுங்கில் கேட்டாள். "செத்த பொறுங்க" என்றாள் அம்மா, தமிழில். அம்மாவுக்குத் தெலுங்கு தெரியும் என்று நான் வாயெடுப்பதற்குள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா அதைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்புட்டு நன்றாகப் பேசத் தெரிந்தவள் இந்த வீட்டில் ஏன் பேசமாட்டேன் என்கிறாள்? தொடையைத் தடவிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். பிடிபடவே இல்லை.