ஏணியை விட்ட கை

செம்மநத்தம் குப்பாயியை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். விழுந்த விமானத்துக்கு முதல் ஆளாக ஓடிப்போய் உதவிய வீரப் பெண்மணி என்று மைக்கில் சொன்னார்கள். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். தட்டட்டும், கூட்டத்துக்கு வேறென்ன தெரியும்.

நடந்தது இதுதான். மிளகு பறிக்கிற காலம். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் அவள் புருஷன் சித்தன் உச்சிவரை ஏறிப் பறித்துக்கொண்டிருந்தான். அங்கே ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கால் வைக்கக் கணுவில் கிளையைக் கொஞ்சம் கட்டையாக விட்டு வெட்டியிருக்கும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறியவர் தரையில் கால் வைக்கிற வரை, தேளே கொட்டினாலும் பிடித்த கையை எடுக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஏணி பிடித்தவள் குப்பாயி.

அடிவாரத்துப் பக்கமிருந்து வந்து மலைமேல் வட்டமடிக்கும் பயிற்சி விமானம் அன்றைக்கு இரைச்சல் அடங்கிப்போய், மரங்களை உரசுகிற மாதிரி இறங்கி, சரிவுக்குக் கீழே சாமை அறுத்த காட்டில் மோதியது. உள்ளே ஒரு சின்ன முகம் தெரிந்தது. அவ்வளவுதான், குப்பாயி ஓடிவிட்டாள். மேலே ஆள் இருப்பது அந்த நேரத்தில் நினைப்பிலேயே இல்லை.

போய்ப் பார்த்தால், தனியாக ஓட்டிப் பழக வந்த நந்தினி என்ற அந்தப் பெண் தானே கதவைத் திறந்து இறங்கி, பாறைமேல் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு கீறல்.

"அடி பட்டிருச்சா கண்ணு?"

"ஒண்ணுமில்லைங்க. குடிக்கத் தண்ணி இருக்குங்களா?"

தண்ணி பாட்டிலை எடுக்க மரத்தடிக்குத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தாள். மூங்கில் ஒரு பக்கம், சித்தன் ஒரு பக்கம்.

இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் சித்தன், "ஏரோப்ளேனைப் பாத்த பதட்டத்துல நானே கால் நழுவி உழுந்துட்டனுங்க" என்றான். ஊரும் நம்பியது. நந்தினி மறுபடி பறக்கப் போய்விட்டாள். பாவத்துக்கு இவளுக்குச் சால்வை.

விழா முடிந்து வந்தவளுக்கு அன்று தாங்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஏணிய நாந்தான் உட்டுட்டேன்னு நீங்க ஊருக்குச் சொல்லியிருக்கலாமுங்க. நெஞ்சு நொம்ப வேகுதுங்க."

சித்தன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சொன்னா ரெண்டு நாளு திட்டுவாங்க. அப்பறம் பாவம் பொம்பளைன்னு மன்னிச்சு உட்ருவாங்க. அதனாலதான் சொல்லலை."

குப்பாயி எழுந்தாள். சால்வையை நாலாக மடித்து, அவனைப் புரட்டி, படுக்கைப்புண் வந்த இடுப்புக்கு அடியில் கொடுத்துப் படுக்க வைத்தாள்.