இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள்

என் பேத்தியைச் சாட்சி சொல்ல நிறுத்தியது நான்தான். வேறு யாரும் கேட்கவில்லை. குருவானவர்கூட, "பிள்ளை சின்னது, வேண்டாமே சார்" என்றார். நான் விடவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ தப்பியவர்கள், ஆராதனையின் நடுவில் எழுந்துபோய் பீடத்துக்கு முன்னால் நின்று, கடவுள் தங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்வார்கள். அதுதான் சாட்சி. தூத்துக்குடியை வெள்ளம் மூழ்கடித்த டிசம்பருக்குப் பிறகு சாட்சிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லோரும் திக்கித் திணறித்தான் சொன்னார்கள். பாதியில் அழுதார்கள். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் பெயர் எடுத்தவன். என் வீட்டுச் சாட்சி அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கூடத்தில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போட்டு, அவளை எதிரில் நிறுத்திப் பழக்கினேன்.

"ஏளா, கண்ணு ஒரே எடத்துல நிக்கக் கூடாது. எடப்பக்கம் பொம்பளைங்க, மொதல்ல அவுங்களப் பாரு. ஒரு வாக்கியம் முடிஞ்சதும் வலப்பக்கம் ஆம்பளைங்க. அப்புறம் திருப்பி எடப்பக்கம். எல்லாருக்கும் நம்மட்டதான் பேசுதாள்னு இருக்கணும்."

அவள் அப்போது ஏழாம் வகுப்பு. என் மகளும் மருமகனும் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். மகள் நர்ஸ். பேத்தி சிறு வயதிலிருந்தே என்னோடு வளர்ந்தவள். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்ன சாட்சியில் எல்லாம் இருந்தது. விடியுமுன் உப்பளப் பக்கத்திலிருந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறியது, நாங்கள் மாடிப்படியில் ஒதுங்கியது, தருவைகுளத்து மீனவப் பையன்கள் லாரியில் வள்ளத்தைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் இறக்கியது. கடைசியில் ஒரு வாக்கியம்: "எங்க நாயைக்கூட ஆண்டவர் கைவிடவில்லை. தாத்தா அவிழ்த்து விட்டார்கள். அது நீந்திக் கரையேறிவிட்டது." அந்த இடத்தில் சபை முழுவதும் சிரிக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்று குரல் வரும். அந்த வாக்கியத்தைச் சேர்த்தது நான். எங்கள் சபையில் மட்டுமல்ல, சொந்தக்காரர்கள் இருக்கும் நாசரேத் பக்கத்துச் சபைகளிலும், ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைகளிலும் அவளை நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தேன்.

நாயை நான் அவிழ்த்து விடவில்லை.

ராத்திரியில் நாயைக் கட்டுவது அவள் வேலை. பின்பக்கம் மோட்டார் அறைத் தூணில் துருப்பிடித்த பழைய சங்கிலியை மாட்டுவாள். அன்றைக்கும் மாட்டியிருந்தாள். வள்ளம் வாசலுக்கு வந்தபோது, "நாய் கட்டிக் கெடக்கு தாத்தா" என்று அலறினாள். பின்பக்கம் நெஞ்சளவுத் தண்ணீர். எனக்குப் பயம். "நான் அப்பவே அவுத்து விட்டுட்டேன், நீ ஏறு" என்றேன். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த பையனுக்கே சந்தேகம்.

"நெசமாவே அவுத்துட்டியளா அண்ணாச்சி? நாய் கொலைக்க சத்தம் கேக்குல்லா?"

"அது தெருநாய்டே. நீ வள்ளத்த எடு."

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஆட்கள் கை காட்டினார்கள். கோலை ஊன்றினான்.

தண்ணீர் வடிந்ததும், அவளை நாசரேத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் முதலில் வந்தேன். நாயைப் பின்பக்கச் சுவரோரம் புதைத்தேன். அவளிடம், "எங்கயாவது நல்லா இருக்கும், யாராவது சோறு போடுவாங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். பிள்ளைகளோடு நாற்பது வருஷத்துக்கு மேல் புழங்கியவன் அப்படி நினைத்தேன்.

பிறகு அவள் தூங்குவது குறைந்தது. வகுப்பில் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தால் காதைப் பொத்திக்கொண்டாள். விளையாட்டு மைதானத்து ஊஞ்சல் சங்கிலி ஆடினால் கழிப்பறையில் போய் ஒளிந்தாள். வீட்டில் பின்கதவைத் தாண்டவே இல்லை. துணி காயப் போடச் சொன்னால் மாடிக்குப் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். "ஜெபம் பண்ணுறோம், சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் தெரிந்து கூப்பிட்ட மகள் போனில் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"அப்பா, நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் வேலைய விட்டுட்டு வரட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த ஆலோசகர் காயல்பட்டினத்துக்காரப் பெண். என்னிடம் படித்த கடைசி வருஷத்துப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கண் அசைவுச் சிகிச்சை என்று ஒன்றைச் சொன்னாள். பயந்த காட்சியைப் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவள் இரண்டு விரலை இடமும் வலமுமாக அசைப்பாள். பிள்ளை தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். கொஞ்ச நேரம் அசைத்துவிட்டு நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று கேட்பாள். வந்ததைச் சொன்னதும் மறுபடி விரல். அந்த நினைவு தரும் வேதனை அடங்கும் வரைக்கும் இது நடக்கும்.

"மந்திரவாதி மணிய ஆட்டுத மாதிரியாம்மா?" என்றேன்.

"மந்திரம் தெரிஞ்சா இந்த வெயில்ல பஸ்ல நின்னுக்கிட்டு ஏன் சார் வாரேன்?" என்று சிரித்தாள்.

"நடந்ததைச் சொல்லுததுல இவளுக்குக் கஷ்டமே கெடையாது. எத்தனையோ சபையில சொல்லிருக்கா. கேளுங்களேன், ஒரு எடத்துல தடுமாற மாட்டா."

அவள் சிரிப்பு நின்றது. பேத்தியைப் பார்த்தாள், பிறகு என்னை. "இங்க சொல்லவே வேண்டாம் சார். அவளுக்கு இஷ்டம் இல்லைன்னா நடந்ததுல ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம்."

பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

முதலில் சில வாரங்கள் வெள்ளத்தைத் தொடவே இல்லை. பாதுகாப்பாக உணரும் ஓர் இடத்தை மனதில் வரைந்துகொள்ளச் சொன்னாள். வேம்பார் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை என்றாள் பேத்தி. என் வீட்டைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். கைகளை நெஞ்சில் குறுக்காக மடித்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பது போலத் தோள்களை மாறி மாறித் தட்டக் கற்றுக்கொடுத்தாள். பயம் வரும்போதெல்லாம் பேத்தி அப்படிச் செய்தாள்.

வெள்ளத்தை எடுக்கும் நாளில், "தாத்தா உள்ள இருக்கட்டும்" என்று பேத்திதான் கேட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மாடிப்படியில் தண்ணீர் ஏறும் காட்சியை எடுத்துக்கொண்டார்கள். விரல்கள் அசைந்தன. பேத்தியின் கண்கள் போய் வந்தன. "என்ன வருது?" "தண்ணி கறுப்பா இருக்கு." மறுபடி விரல். "இப்ப?" "வள்ளம் வந்துட்டு." பரவாயில்லை, நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். மறுபடி விரல்.

"இப்ப என்ன வருது?"

"எடப்பக்கம் பொம்பளைங்க. வலப்பக்கம் ஆம்பளைங்க."

ஆலோசகருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"சரி, அதோடயே போ." விரல்.

"எல்லாரும் சிரிக்காங்க. நாய் கரையேறிட்டுன்னு நான் சொன்னதுக்கு."

விரல்.

"சங்கிலி சத்தம் கேக்கு. யாருக்கும் கேக்கல. தாத்தா மொத வரிசையில இருந்து பாக்காங்க. அடுத்த பக்கம் பாருன்னு கண்ணக் காட்டுதாங்க."

"அந்த நேரத்துல உன்னைப் பத்தி உனக்கு என்ன தோணுது?"

"நான்தான் கட்டிப் போட்டேன். நானே அது தப்பிச்சிட்டுன்னு சொல்லுதேன். நான் கெட்டவ."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அது செத்துப் போச்சுன்னு எனக்கு வள்ளத்துலயே தெரியும். கொலைச்சிக்கிட்டே இருந்துச்சு, பெறவு நின்னுட்டு. தாத்தாவுக்கும் தெரியும். நான் சாட்சி சொல்ல மாட்டேன்னு சொல்லிருந்தா, தாத்தா பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. என்ன சொல்ல வாயெடுத்தேன் என்பதும் நினைவில்லை. ஆலோசகர் திரும்பிப் பார்க்காமலே இடது கையை என் பக்கம் நீட்டித் தடுத்தாள். மறுபடி உட்கார்ந்தேன்.

இத்தனை மாதமும் அந்தப் பிள்ளையைத் தண்ணீர்தான் பயமுறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். நான் சொன்ன பொய்யை அவளுக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்திருந்தேன். அவளோ அது பொய் என்று தெரிந்தே, எனக்காக, ஊர் ஊராக நின்று சொல்லியிருக்கிறாள். பீடத்துக்கு முன்னால் பொய் சொல்வது பாவம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

"கண் வேண்டாம்மா, கையக் குடு" என்றாள் ஆலோசகர். இடமும் வலமுமாகக் கண்ணை அசைத்தாலே பிள்ளை சபைக் கோயிலுக்குள் போய் நின்றுவிடுகிறாள் என்பதைக் கண்டுகொண்டாள். குணப்படுத்த வந்த அசைவை நான் முன்பே பழக்கிக் கெடுத்து வைத்திருந்தேன். அவள் பேத்தியின் உள்ளங்கைகளை மேசைமேல் வைத்து, இந்தக் கை, அந்தக் கை என்று மாறி மாறி மெல்லத் தட்டினாள். பேத்தி அழத் தொடங்கினாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கடைசியில் இருவரும் வேம்பார் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கைக்குப் போய்விட்டு வந்தார்கள்.

வெளியே வராந்தாவில் ஆலோசகரிடம் சொன்னேன்: "வர்ற ஞாயித்துக்கிழமை நானே சபையில எழுந்து நின்னு உண்மையச் சொல்லிருதேன்."

"யாருக்காக சார்?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆட்டோ பழைய துறைமுகத்தைத் தாண்டியது. பிறகு பேத்தி சொன்னாள்: "தாத்தா, கோயில்ல போய்ச் சொல்லாதீங்க. எல்லாரும் மறுபடி என்னயத் திரும்பிப் பாப்பாங்க."

"பின்ன என்னம்மா செய்யணும்?"

"எங்கிட்டச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஆயிரம் மேடை ஏறியவனுக்கு வாக்கியம் முடியவில்லை. அவிழ்க்கவில்லை என்றேன். பயந்துவிட்டேன் என்றேன். கட்டியது உன் தப்பில்லை, தினமும் கட்டுவதுதானே, அவிழ்க்காமல் விட்டவன் நான், அந்தப் பையன் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றேன். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். கேட்டால் "சரி தாத்தா" என்றுதான் சொல்லுவாள், அதையும் எனக்காகத்தான் சொல்லுவாள் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"எங்க பொதைச்சிய?"

"பின்பக்கம். செவரு ஓரத்துல."

"சங்கிலியக் கழட்டிட்டா பொதைச்சிய?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. கழுத்துப் பட்டையில் கொக்கி இறுகிப் போயிருந்தது. சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்ற அவசரம். தூணில் இருந்த முனையை மட்டும் கழற்றி, மிச்சத்தை அப்படியே போட்டு மூடிவிட்டேன்.

"இல்லம்மா."

கைகளைக் குறுக்கே மடித்துத் தோளைத் தட்டிக்கொண்டாள். வெகுநேரம் தட்டினாள்.

"அப்ப அது இன்னும் கட்டிதான் கெடக்கு" என்றாள். பிறகு, "நாளைக்குக் கழட்டிருவோம்."

ஆலோசகரிடம் போனில் கேட்டேன். அவள் பேத்தியோடு தனியாகப் பேசினாள். பிறகு என்னிடம், "அவ எவ்வளவு தூரம் வாராளோ அவ்வளவு போதும் சார். நீங்க கூப்பிடாதீங்க" என்றாள்.

காலையில் நான் மண்வெட்டியோடு பின்பக்கம் போனேன். பேத்தி பின்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். எங்கள் பக்கத்து மண் உப்பு மண். மேலாகவே வெட்டினேன். சங்கிலியின் முனை தட்டுப்பட்டது. மேலே மண் சரியாதபடி கையால் விலக்கி, முனையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சத்தமே வரவில்லை. வளையங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கவில்லை. துருவேறி, ஈரமான பிஸ்கட் போல என் விரலிலேயே உதிர்ந்தன.

பின்னால் காலடி கேட்டது. நான் திரும்பவில்லை. அவள் வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். என் உள்ளங்கையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். விரலால் அழுத்தியதும் அது இரண்டாகப் பிளந்தது.

"இத்துப் போச்சு தாத்தா" என்றாள். "எப்பவோ இத்துப் போச்சு."

மண்ணை மூட அவளும் கை கொடுத்தாள்.