நவமணி வீட்டின் மூன்று தூண்கள்

ஐயாவு ஆசாரி நல்லவன் என்று தெலுக் அன்சன் டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லவன்தான், யார் இல்லையென்றது? ஆனால் மரத்தைப் பற்றி இன்னொருவர் வாய் திறந்தால் போதும், மனிதனுக்கு மூக்கு விடைத்துவிடும். கடல் கடந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்தவன், தொழிலாளர் லயத்துக் கதவுகளைப் பழுது பார்த்தே பத்து வருஷத்தில் டவுன் ஆசாரி ஆகிவிட்டான். பரம்பரைத் தொழில் வேறு. அந்தக் கர்வம் சும்மா விடுமா?

இருபத்தாறாம் வருஷப் பெருவெள்ளம் ஆற்றங்கரை மரவீடுகளை உலுக்கிவிட்டுப் போனது. கப்பல் கணக்கு எழுதிய கிராணி ஸ்டானிஸ்லாஸையும் கொண்டுபோனது. அவன் மனைவி நவமணிக்கு மிஞ்சியது, ஆற்றுச் சேற்றில் பன்னிரண்டு தூண்களை ஊன்றி நின்ற பலகை வீடு ஒன்றுதான். அதற்கும் வெள்ளைக்கார அதிகாரி நிபந்தனை போட்டுவிட்டார். பழைய வீடு பழைய மரத்தோடு நிமிர்ந்து நின்றால் இருக்கலாம்; விழுந்துவிட்டால் அந்தக் கரையில் புதிதாக ஒரு கம்புகூட நடக்கூடாது.

நவமணி ஐயாவுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“அண்ணே, எது எப்படி இருந்துச்சோ அப்படியே வைங்க. ஒரு பலகையக்கூட மாத்திராதீங்க. இந்த வீடும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

“நான் இருக்கேன்லா, தங்கச்சி. கவலைய விடு.”

வேலை என்றால் அதுதான் வேலை! ஒவ்வொரு பலகையையும் கழற்றி, கரியால் அடையாளம் போட்டு, சேறு கழுவி, நிழலில் உலர்த்தி, இருந்த இடத்திலேயே பூட்டினான். வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி, அதே துளைகளில் அடித்தான். கடைசியில், ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்த செங்கால் என்ற வன்மரத்தில் செய்த மூன்று தூண்களை நீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் பிடுங்கினான். கணுக்களைத் தடவிப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. அடிமரம் மேலே, சீவிய நுனிமரம் சேற்றுக்குள்ளே.

“அடப்பாவி! மரத்தைத் தலைகீழாவா நட்டிருக்கான்? அதான் இந்தக் குடும்பம் விளங்காமப் போச்சு.”

கூட வேலை செய்த மைத்துனன் பத்துமலை தலையைச் சொறிந்தான். “அக்கா இருந்தபடி வைக்கச் சொன்னாங்கல்ல, மச்சான்? ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்லா.”

“அதுக்குக் காலம் பூரா இந்தத் தோஷத்தோடயா கெடக்கணும்? வாய மூடிட்டு ரம்பத்தை எடு.”

கூர்நுனிகளை அறுத்தெறிந்தான். குழி தோண்டி, பருத்த அடிமரம் கீழே இருக்கும்படி மூன்றையும் நட்டு, சேற்றை மிதித்து இறுக்கினான். நவமணியிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தான், பாவம்.

அதிகாரி வந்து பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளத்துக்குப் பிறகு நவமணி சிரித்தது அன்றுதான். ஐயாவு வீட்டுக்கு ஒரு சட்டி கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

இரண்டு மாதம் நின்றது வீடு. பௌர்ணமியை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நவமணி மாதா கோயிலில் பூசையில் இருந்தபோது, கடல் நீர் ஆற்றில் ஏறி வந்து சரசரவென்று வடிந்தது. அதோடு குழிச்சேறும் கரைந்தது. அந்த மூன்று தூண்களும் வழுக்கிச் சாய, ஆற்றுப் பக்கத்து அறையும் கூரையும் முறிந்து நீரில் விழுந்தன.

ஐயாவு ஓடி வந்து முழங்கால் சேற்றில் நின்றான். அவன் கை வைக்காத ஒன்பது தூண்களும் அசையவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. நுனியைச் சேற்றில் அடித்து இறக்கியிருக்கிறான் அந்தக் காலத்துக்காரன், ஆணி அடிப்பது போல. ஆணியின் கொண்டையைக் கீழே வைத்து எவனாவது அடிப்பானா? இவன் அடித்திருந்தான். திருப்பி நடலாமென்றால் கூர்நுனிகளும் இல்லை, அடுப்பில் எரித்தாயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மறுநாள் அதிகாரி வந்து, மிச்சத்தையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். நவமணி துணிமூட்டையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த கண்கள். ஐயாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தான்.

“நீங்க ஏண்ணே அழுறீங்க?” என்றாள். “உங்க மேல என்ன தப்பு? நான் கேட்டபடி, இருந்தது இருந்தபடிதானே வச்சீங்க?”

கூட வந்திருந்த பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமா, தங்கச்சி” என்றான் ஐயாவு.