கலத்துக்குள் இருந்த ஈயம்

ஒரு கட்டுரையில் நான் தெரிந்தே தவறான எண்ணைப் போட்டேன். கருவி செய்த பிழை அல்ல, நான் செய்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில், சீரியம் கலந்த உலோகச் சேர்மங்களை அழுத்திப் பார்ப்பது எங்கள் வேலை. இவற்றுக்குள் எலக்ட்ரான்கள் பல நூறு மடங்கு கனம் கூடியவை போல நகரும். ஒவ்வொரு சீரியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் அவை ஒழுங்காக அணிவகுக்கும். அழுத்தம் ஏற ஏற, சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் அந்தக் காந்தங்களை மூடி மறைக்கும். அணிவகுப்பு தொடங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து, ஓர் அழுத்தத்தில் அணிவகுப்பே இல்லாமல் போகும். அது எந்த அழுத்தம் என்பதுதான் கேள்வி.

அளந்தவர் என் சக விஞ்ஞானி. சாலை கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவர். கடுகளவு மாதிரியை எண்ணெயோடு சிறிய கலத்தில் வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி, திருகை இறுக்கி, திரவ ஹீலியத்தில் இறக்குவார். பக்கத்தில் ஒரு துளி ஈயமும் வைப்பார். ஈயம் மின்தடையை இழக்கும் வெப்பநிலை அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். அதை வைத்து, குளிரில் உள்ளே இருக்கும் உண்மையான அழுத்தத்தைச் சொல்லிவிடலாம்.

"சார், பிரஸ் காட்டுகது வேற, தணுத்த பெறவு உள்ள இருக்கது வேற. எண்ணெய் உறைஞ்சு சுருங்கிப்போவும்லா. ஈயம் கொறச்சுத்தான் சொல்லுகு."

"ஈயத்துல வச்ச கம்பி லூஸா இருந்திருக்கும். பிரஸ் டயல்ல இருக்கறதையே போட்டுடலாம்."

"நான் வச்ச கம்பியாக்கும். அந்த டயலையும் ஹீலியத்துல இறக்கிக் காட்டுங்க, பின்னே நம்புகேன்."

நான் சிரித்தேன். முந்தைய ஆண்டு நான் வெளியிட்டிருந்த கணக்கோடு டயலின் எண் பொருந்தியது. ஈயத்தின் எண் பொருந்தவில்லை. ஈயத்தின் வரைபடத்தை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதினேன். அப்படியானால் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். அவர் அளந்தது முழுவதும் என் பெயரில் மட்டும் வந்தது. அவ்வருடம் பதவி உயர்வுக் குழுவிடம் காட்ட அவர் கையில் ஒரு கட்டுரையும் இல்லை. பின்னர் வேறொரு குழு ஈயம் வைத்து அளந்து குறைந்த எண்ணைச் சொன்னபோது, அவர்களுடைய மாதிரி தூய்மையானதல்ல என்று மேடையில் சொன்னேன். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதினேன். அவர் பெயரை முதலில் போட்டு, கழக்கூட்டம் பகுதியில் மகளோடு இருக்கும் அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"'அளவீட்டுக் குறைபாட்டால்'னு எழுதியிருக்கியளே சார். அளந்தது நானாக்கும். எனக்க அளவுல என்ன குறை கண்டியளோ?"

இந்த வயதிலும், குற்றத்தை ஒத்துக்கொள்ளும் வரியிலேயே அதை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். அந்தச் சொற்களை அடித்துவிட்டு, சரியான அளவு கையில் இருந்தும் நான் மறைத்தேன் என்று எழுதினேன்.

"இனி தாருங்க" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.